ஒன்றரை மனிதர்



அலசூரிலும் சீராமபுரத்திலும் பின்னிப்பேட்டையிலும் நாம் தன்மம் பேசச் செல்லுமிடமெங்கும் இளைஞர் ஒரு வினாவை நம்முன் வைக்கின்றனர். "ஐயா, இலங்கையில் தமிழ்ப் பெண்களைக் கெடுத்த படைவீரன் கையிலும் பிக்கு ஓதிக் கட்டிய பரித்த நூல் இருந்தது. நீங்கள் சொல்லித் தரும் அதே பஞ்சசீலத்தை அவனும் சிறுவயதில் கற்றவன். அப்படியிருக்க எங்களை எந்த முகத்தோடு அந்தச் சமயத்துக்கு அழைக்கிறீர்கள்?" என்கின்றனர். இங்ஙனம் வினவுவோர் நம் பகைவர் அல்லர். நம் வீட்டுப் பிள்ளைகள். ஆதலின் விடை கூறாது நழுவுதல் தகாது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, "அவர்கள் மெய்ப் பௌத்தர் அல்லர்" என்பதாம். இதனை நாம் ஏற்கமாட்டோம். சாதிக் கொடுமையை நாம் எடுத்துரைக்குங்கால், "அவர்கள் மெய் இந்துக்கள் அல்லர்" என்று மறுமொழி சொல்வோரை நாம் ஒருபோதும் விட்டதில்லை. பிறரிடம் செல்லாத நாணயம் நம்மிடம் மட்டும் செல்லுமோ? மேலும், இலங்கைக்கு நாம் பட்ட கடன் பெரிது. 1898-ஆம் ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கடல் கடந்து சென்று, சுமங்கல மகாநாயகரிடத்தில் பஞ்சசீலம் பெற்று வந்த பின்னரே சாக்கிய பௌத்த சங்கம் தோன்றிற்று; மாரிக்குப்பத்திலும் இந்தப் பெங்களூரிலும் அதன் கிளைகள் எழுந்தன. நமக்குச் சீலம் வந்த கரையில் அச்சீலத்துக்கு என்ன நேர்ந்தது என்று வினவும் உரிமையும் கடமையும் நமக்குண்டு.

நடந்ததைச் சுருங்கக் கூறுவாம். 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் கிருசாந்தி குமாரசாமி என்னும் பதினெட்டு வயது மாணவி தேர்வெழுதிவிட்டு மிதிவண்டியில் வந்தபோது செம்மணிக் காவல்நிலையில் படையினரால் நிறுத்தப்பட்டாள். பலரால் கெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலார் ஒருவரும் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டனர். 1998-இல் கொழும்பு உயர்நீதிமன்றம் குற்றவாளிகட்கு மரண தண்டனை விதித்தது. அப்போது அவர்களுள் ஒருவன், செம்மணியில் மேலும் முந்நூறு நானூறு உடல்கள் புதைந்துள்ளன என்றான். போர் முடிந்த பின், 2015-இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட விசாரணை அறிக்கை, காவலில் இருந்தோர்மீது படையினர் இழைத்த பாலியல் கொடுமைகள் தனியொருவரின் தவறுகள் அல்ல என்றும், திட்டமிட்ட போக்கின் பகுதியாகத் தோன்றுகின்றன என்றும் கூறிற்று.

இஃது இனப்பகை ஒன்றினால் மட்டும் விளைந்ததெனக் கொள்ளற்க. 1971 ஏப்ரலில், கதிர்காமத்தில், பிரேமவதி மனம்பேரி என்னும் இளம்பெண்ணைப் படையினர் ஆடை களைந்து தெருவில் நடத்திச் சென்று சுட்டனர். அவள் சிங்களப் பெண்; அவ்வூரில் புத்தாண்டு அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள்; கிளர்ச்சிக்காரரோடு தொடர்புடையவள் என்பது அவள்மேல் சுமத்திய குற்றம். ஒரே இனம், ஒரே மொழி. அவை அவளைக் காக்கவில்லை.

இனி, இக்கட்டுரைக்குத் தலைப்பாக நாம் வைத்த சொல்லுக்கு வருவோம். மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. தமிழ் அரசன் எல்லாளனை வென்ற துட்டகாமணி, பல்லாயிரவர் மாண்டமைக்கு மனம் வருந்துகிறான். எட்டு அரகந்தர் வந்து அவனைத் தேற்றுகின்றனர். மாண்டோருள் ஒருவன் திரிசரணம் அடைந்தவன். மற்றொருவன் பஞ்சசீலமும் ஏற்றவன். ஆதலின் நீ கொன்றது ஒன்றரை மனிதரையே, மற்றையோர் விலங்கொத்தவர் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. இந்நூல் பகவன் பரிநிர்வாணம் அடைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னர்ப் பிக்கு ஒருவரால் யாக்கப்பட்டது. பிக்குகள் பின்னாளில் சேர்த்தவற்றைப் பகவன் வாக்கினின்று பிரித்தறிய வேண்டுமென்று, பெண்கள் நிலை குறித்தே, 1951-ஆம் ஆண்டு மகாபோதி இதழில் பாபாசாகேப் அம்பேத்கர் வாதிட்டார். அந்த அளவுகோல் இவ்விடத்துக்கும் பொருந்தும்.

பழங்கதை தானே என்று கூறுவார்க்கு ஒன்று சொல்வோம். 2017 அக்டோபரில் பர்மா நாட்டுக் காயின் மாநிலத்துப் படைமுகாம் ஒன்றில் சிதகு சயாடோ என்னும் புகழ்பெற்ற மகாதேரர் அதிகாரிகட்கு உபதேசம் செய்தார். எடுத்துரைத்தது இந்த ஒன்றரை மனிதர் கதையே. அதற்கு இரு திங்கட்கு முன்னரே ராக்கைன் மாநிலத்தில் அப்படையின் நடவடிக்கை தொடங்கி, ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்தனர். அம்மக்களுள் பெண்களையும் சிறுமியரையும் படையினர் கூட்டங்கூட்டமாகக் கெடுத்தனர் என்று 2018-இல் ஐக்கிய நாடுகளின் உண்மையறியும் குழு எழுதிற்று. அதுபற்றிச் செய்தியாளர் வினவியபோது, அம்மாநிலத்து எல்லைப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த கர்னல் ஒருவர், அப்பெண்களின் தோற்றத்தைப் பாருங்கள், இவர்களை யார் விரும்புவார் என்னும் பொருள்பட விடை பகர்ந்தார்.

இவ்விடை நமக்குப் புதிதன்று. சேரியில் பிறந்த எவர்க்கும் அது தெரியும். 1995-இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றமைக்காகப் பன்வாரி தேவி என்னும் பெண்ணைக் கெடுத்தார்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. உயர்சாதியார் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டித் தம்மை மாசுபடுத்திக்கொள்ளார் என்பது அத்தீர்ப்பு சொன்ன காரணங்களுள் ஒன்று. பகலில் தீண்டாதவன் இரவிலும் தீண்டான் என்பது அந்த நீதிபதியின் அறிவு! பர்மியக் கர்னல் அந்நீதிபதியின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார். எனினும் இருவரும் ஒரே பள்ளியில் பயின்றவரே. மனிதருள் முழு மனிதர், அரை மனிதர், மனிதரல்லார் என்று கணக்கிடும் பள்ளி அது.

அஃது ஒருபுறம் நிற்க. மற்றொரு பக்கத்தையும் காண்போம். அதே பர்மாவில் மா-பா-தா எனப்படும் பிக்குகள் கூட்டம் முயன்று, 2015-இல் "இன, சமயப் பாதுகாப்பு" என்னும் பெயரால் நான்கு சட்டங்களை நிறைவேற்றுவித்தது. அவற்றுள் ஒன்று பௌத்தப் பெண்களின் திருமணத்தைப் பற்றியது. பௌத்தப் பெண் வேற்றுச் சமயத்தானை மணப்பதாயின் அதிகாரியிடம் விண்ணப்பம் செய்தல் வேண்டும், அதனைப் பலரறிய அறிவிப்பர், மறுப்போர் மறுக்கலாம். பௌத்த ஆண்மகன் யாரை மணப்பினும் அவ்வாறு கேட்பாரில்லை. இதற்குப் பெயர் பெண்ணுக்குப் பாதுகாப்பு! இலங்கையிலும் அவ்வாறே, 2018-இல், முஸ்லிம் உணவுக்கடைகளில் மலட்டு மருந்து கலக்கின்றனர் என்னும் பொய்ச் செய்தியால் அம்பாறையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சிங்களப் பெண்ணின் கருப்பை இனத்தின் எல்லைக்கோடாய்விட்டது.

பெண்ணைக் காப்பதாகக் கூறும் பிக்குவும் பெண்ணைக் கெடுக்கும் சிப்பாயும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர் போலத் தோன்றும். ஆராய்ந்தால் இருவர் நினைப்பும் ஒன்றே. பெண் என்பவள் தனக்கென ஓர் உள்ளம் உடையவள் அல்லள். ஓர் இனத்தின் மானத்தை இட்டுவைத்த பாத்திரம். நம்முடைய பாத்திரமாயின் பூட்டிவைப்போம், பகைவனுடையதாயின் உடைப்போம். உடைக்கும் எண்ணம் பகைவனுக்கு எங்கிருந்து வருகிறது? அதில்தான் மானம் இருக்கிறதென்று நாமே அவனுக்குச் சொல்லிவைத்ததிலிருந்தன்றோ?

1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையையொட்டி இந்நகரில் கலகம் மூண்டு தமிழர் குடிசைகள் எரிந்ததைப் பலர் மறந்திரார். நாம் அப்போது பஞ்சாலைக் கூலியாள். எங்கள் குடியிருப்பில் பெரியவர்கள் முதலில் செய்த காரியம், பெண்களையெல்லாம் ஒரே வீட்டுக்குள் தள்ளி வெளியே தாழிட்டதாகும். "நம் மானம் உள்ளே இருக்கிறது" என்றார் ஒருவர். உள்ளே இருந்தவர்களுள் ஊதுபத்தி உருட்டி நான்கு பேருக்குச் சோறிட்ட ஒரு தாயும் உண்டு. எங்கே போனால் நலம் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குத் தீ வைத்திருந்தால் பகைவனுக்கு வேலை மிச்சம். தாழை நாமே போட்டு வைத்திருந்தோம்.

ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான்கள் அந்தத் தாழை ஒரு நாட்டுக்கே போட்டிருக்கின்றனர். 2001-இல் பாமியான் புத்தர் சிலைகளை அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தபோது உலகப் பௌத்தரெல்லாம் கண்ணீர் வடித்தனர். 1996-இல் காபூலைப் பிடித்தவுடனே பெண்பிள்ளைகளின் பள்ளிகளை அவர்கள் மூடியபோது அழுத பௌத்தர் எத்தனை பேர்? கல்லுக்கு அழுதது தவறென்று சொல்லவில்லை.

சரி, நம் நூல்கள் இதுபற்றி என்ன சொல்கின்றன? ஒளிக்காமல் பார்ப்போம். விநயத்தில் பத்துவகை மனைவியரைப் பட்டியலிட்ட இடம் ஒன்றுண்டு. அதில் விலைக்கு வாங்கப்பட்டவள் வருகிறாள். அடிமையும் மனைவியுமானவள் வருகிறாள். "தஜாஹடா" என்று ஒருத்தியும் வருகிறாள். கொடியால் கொணரப்பட்டவள் என்பது அதன் பொருள். அதாவது போரில் பிடித்துவரப்பட்டவள். அன்றைய உலகில் நடந்ததை அந்நூல் எழுதிவைத்தது. பிக்குகள் இவற்றுள் எதற்கும் தரகு செல்லலாகாது என்று விலக்கவே எழுதிற்று. ஆயினும் அச்சொல்லைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு சுடுகிறது. ஒரு சொல்லுக்குள் எத்தனை ஊர்கள் எரிந்திருக்கும்!

அதே விநயத்தில் உப்பலவண்ணா தேரியின் வரலாறும் உண்டு. அவர் சாவத்தியில் பெருஞ்செல்வர் மகளாய்ப் பிறந்து துறவு பூண்டவர். பிக்குணிகளுள் தலையாயவர் இருவருள் ஒருவர். அவரை ஓர் இளைஞன் வலிந்து கெடுத்தான். தேரியர் பிக்குணிகளிடம் கூற, பிக்குணிகள் பிக்குகளிடம் கூற, செய்தி பகவனை எட்டிற்று. பகவன் என்ன வினவினார்? அவள் ஏன் தனியே இருந்தாள் என்றா? சங்கத்தின் மானம் போயிற்றே என்றா? இரண்டுமில்லை. உடன்படாதவளுக்குக் குற்றமில்லை என்று முடித்தார். எந்தக் குலத்தவள், யார் மகள், யாருடைய காவலில் இருந்தவள் என்பவற்றுள் ஒன்றும் அத்தீர்ப்பில் இல்லை. அவள் உள்ளம் உடன்பட்டதா, இல்லையா என்பது ஒன்றே அளவு. பலநாட்டுச் சட்டங்கள் இந்த இடத்துக்கு வந்து சேர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. சில இன்னும் வந்து சேரவில்லை.

நம் சங்கங்களில் மூன்றாம் சீலத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறையை இவ்வளவுகோலால் நோக்குங்கள். "பிறன்மனை விழையாமை" என்று பெரும்பாலோர் பொருள் கூறுகின்றனர். அங்ஙனமாயின் குற்றம் எவனுக்கு இழைக்கப்பட்டது? அந்தப் பிறனுக்கு! அவன் பொருளை நீ எடுத்தாய் என்பதாகிறது. பிறன் இல்லாதவள் என்செய்வாள்? பகை நாட்டாளின் கணவனைக் கொன்றுவிட்டால் அவள் எவன் மனை? இவ்வாறு சொல்லிக்கொடுத்த சீலத்தைத்தான் அந்தச் சிப்பாயும் கற்றிருப்பான். போர்க்களத்தில் அது அவனைத் தடுக்கவில்லை என்றால் வியப்பென்ன? உடன்படாதவளைத் தீண்டேன் என்று கற்றிருந்தால் மட்டும் தடுத்திருக்குமோ என்று நீங்கள் கேட்கலாம். தடுக்காமலும் போயிருக்கலாம். ஆனால், அவனுக்குப் பரித்த நூல் கட்டிய பிக்குவுக்கு வாய் அடைத்திருக்கும்.

பிக்குகளைப் பற்றியும் ஒரு சொல். போருக்குப் புறப்படும் சேனையைத் தக்க காரணமின்றிக் காணச் செல்லலாகாது, காரணமிருந்து சென்றாலும் இரண்டு மூன்று இரவுக்குமேல் சேனையோடு தங்கலாகாது, அணிவகுப்பைப் பார்க்கப் போகலாகாது என்று பாதிமொக்கத்தில் அடுத்தடுத்து மூன்று விதிகள் உள. போரில் மடிந்தால் சுவர்க்கமா என்று ஒரு வீரர்தலைவன் கேட்டபோது பகவன் இருமுறை விடைதர மறுத்து, மூன்றாம்முறை அது நரகமே என்றார். இவற்றை ஓதும் வாயே முகாமில் ஒன்றரை மனிதர் கதையையும் சொல்கிறது.

"புலிகள் செய்தவை என்ன? நம் இந்தியப் படை செய்ததென்ன?" என்றும் சிலர் கேட்பர். கேட்கட்டும், கேட்கவேண்டியதே. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையினர்மீது யாழ்ப்பாணப் பெண்கள் கூறிய குற்றச்சாட்டுகளை, "முறிந்த பனை" என்னும் நூலில், மருத்துவப் பேராசிரியை ராஜினி திராணகம துணிந்து எழுதினார். அந்நூலிலேயே தமிழ் இயக்கங்களின் கொடுமைகளையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றனர். விடுதலைப் புலிகளே கொன்றனர் என்பது அவர் குடும்பத்தாரும் உடனுழைத்தோரும் கூறுவது. பெண்களின் துயரைத் தம் இனத்தின் கணக்கிலும் பகைவர் கணக்கிலும் சேர்க்காமல் அப்பெண்களின் கணக்கிலேயே எழுதியது அவர் செய்த குற்றம். இளைஞர்களே, உங்கள் வினாவை நாம் மதிக்கிறோம். ஆனால் சிங்களச் சிப்பாயைப் பற்றி மட்டும் அதனைக் கேட்டு நிறுத்திக்கொள்வீராயின், நீங்களும் ஒன்றரைக் கணக்கே போடுகிறீர்கள்.

சந்தியா எக்னலிகொட என்னும் சிங்களப் பெண்ணின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். அவர் கணவர் பிரகீத் எக்னலிகொட என்னும் பத்திரிகையாளர் 2010 ஜனவரி 24 அன்று காணாமற் போனார். படைப் புலனாய்வுப் பிரிவினர் சிலர் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2016 ஜனவரியில் ஹோமாகம நீதிமன்றத்தில், பொதுபல சேனையின் பிக்கு ஞானசாரர் அப்படையினர்க்குப் பரிந்து வந்து, நீதிபதி முன்னிலையிலேயே குறுக்கிட்டுப் பேசினார், சந்தியாவையும் மிரட்டினார். அந்த அம்மையார் ஒதுங்கிப் போகவில்லை; முறையிட்டார். 2018-இல் மிரட்டியமைக்கு ஆறு திங்களும், நீதிமன்றத்தை அவமதித்தமைக்கு ஆறு ஆண்டும் பிக்குவுக்குச் சிறை விதிக்கப்பட்டன. 2019 மே மாதம் குடியரசுத் தலைவர் சிறிசேன அவருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார். 2021-இல் அடுத்த தலைவர் கோத்தபாய அவரையே "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்னும் குழுவுக்குத் தலைவராக்கினார். மறு ஆண்டு ஜனவரியில், கணவர் காணாமற் போய்ப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த நாளில், சந்தியா கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குச் சென்று, நீதி கேட்டுத் தம் தலையை மழித்துக்கொண்டார். அவர் கணவர் இன்றுவரை திரும்பவில்லை.