எந்த உறுப்பில் இருக்கிறது பாஞ்சோ?

ஐந்து தந்தி பாஞ்சோவை முழுவதுமாகப் பிரித்துவிட முடியும். கழுத்து, 11 அங்குல விட்டமுள்ள மேப்பிள் மர வளையமான ரிம், அதன் மேல் அமரும் வெண்கல டோன் ரிங், தோல், அதை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள், பின்புற ரெசொனேட்டர், குதிரை, நாகபாசம், பிருடைகள் எல்லாம் தனித்தனியே கழன்று வரும். ஒட்டுவேலையால் நிற்கும் வயலினில் இது இவ்வளவு எளிதல்ல. அதனால்தான் உறுப்புகள் மாறிய பிறகும் ஒரு பொருள் அதே பொருளாக இருக்கிறதா என்ற பழைய தத்துவக் கேள்வி, உயர்தர பாஞ்சோ தேடும் கலைஞருக்குக் கைப்பணத்தோடு தொடர்புள்ள கேள்வியாகிவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிப்சன் நிறுவனம் 1920களிலும் 1930களிலும் செய்த மாஸ்டர்டோன் பாஞ்சோக்களில் பெரும்பாலானவை நடன இசைக்குழுக்களுக்கான நான்கு தந்தி டெனர் வகை. ஐந்து தந்தி பாஞ்சோக்கள் சொற்பமாகவே செய்யப்பட்டன. 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். அவருடைய மூன்று விரல் வாசிப்பு ப்ளூகிராஸ் இசையின் அடையாளமாகவே ஆனதும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஐந்து தந்தி மாஸ்டர்டோனுக்குத் தேவை பெருகியது. கைவினைஞர்கள் டெனரின் கழுத்தைக் கழற்றிவிட்டுப் புதிய ஐந்து தந்திக் கழுத்தைப் பூட்டினார்கள். சந்தையில் இதற்குக் ‘கன்வர்ஷன்’ என்று பெயர். ரிம்மும் டோன் ரிங்கும் அதே ஆலையில் அதே ஆண்டுகளில் செய்யப்பட்டவை. ஆனாலும் பிறவியிலேயே ஐந்து தந்தியான, தட்டை டோன் ரிங் கொண்ட மாஸ்டர்டோன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனதுண்டு, கன்வர்ஷன் அதற்கு வெகு கீழே நிற்கும்.

இந்த விலை வேறுபாட்டுக்கு ஞாயம் உண்டா? பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, இதன் எந்த உறுப்பு தேர் என்று கேட்டதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கழுத்து பாஞ்சோ அல்ல, தோல் பாஞ்சோ அல்ல, வளையமும் அல்ல. உறுப்புகள் கூடிய நிலைக்கு வழங்கும் பெயரே பாஞ்சோ. நியாய தத்துவ மரபினரான நையாயிகர் இதை ஏற்பதில்லை. உறுப்புகளில் தங்கியிருந்தும் அவற்றிலிருந்து வேறான முழுமை, அதாவது அவயவி, உண்மையாகவே உண்டு என்பது அவர்கள் வாதம். ஓர் உறுப்பு நீங்கினால் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுகிறது. அப்படியானால் குதிரையை மாற்றும்போதெல்லாம் ஒரு புதிய பாஞ்சோ பிறக்கிறது! தர்க்கத்துக்குப் பிசகில்லாத முடிவுதான் என்றாலும், வாசிப்பவர் எவரும் அப்படிக் கருதுவதில்லை.

இரு தரப்பும் உறுப்புகளைச் சமமாக எடுத்துக்கொள்வதே இடறும் இடம். கன்றுத்தோலின் இடத்தை 1950களின் இறுதியிலிருந்து பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. அதற்காக எந்தப் பழைய பாஞ்சோவும் தன் பெயரை இழக்கவில்லை. டோன் ரிங்கை மாற்றினால் மட்டும் எல்லோரும் திடுக்கிடுகிறார்கள். ஒலியே அடையாளம் என்பது இதற்கு எளிதாகத் தோன்றும் விளக்கம். அதுவும் நிற்காது. தோலைக் கொஞ்சம் முறுக்கினாலே ஒலி மாறுகிறது, கருவி மாறுவதில்லை. தவிர, ஒரே டோன் ரிங்கை வேறொரு ரிம்மில் பொருத்தினால் அதே நாதம் வருவதில்லை. மரமும் உலோகமும் எவ்வளவு நெருங்கிப் படிகின்றன என்பதும் நாதத்தைப் பாதிக்கிறது. ஆகவே கலைஞர் ‘இதுதான் அந்தக் கருவி’ என்று சொல்லும்போது சுட்டுவது ஒரு துண்டையுமல்ல, எல்லாத் துண்டுகளின் கூட்டத்தையுமல்ல. ரிம்மும் டோன் ரிங்கும் ஒன்றோடொன்று பொருந்திய இணையைத்தான் சுட்டுகிறார். நையாயிகரின் அவயவி பாஞ்சோவில் எங்காவது குடியிருக்குமானால் அது அங்கேதான்.

பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றித் தாமஸ் ஹாப்ஸ் 1655இல் எழுப்பிய புதிர், பழைய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய இரண்டாவது கப்பலைப் பற்றியது. பாஞ்சோப் பட்டறையில் அது கற்பனையல்ல. ஒரு டெனரின் டோன் ரிங் புதிய ரிம்முக்குப் போகிறது. அதன் ரிம் வேறு டோன் ரிங்கைப் பெறுகிறது. இரண்டையுமே போருக்கு முந்தையவை என்று விற்க முயல்வோர் இருக்கிறார்கள். இணை பிரிந்துவிட்டதால் அந்தப் பெயருக்கு முழு உரிமை இரண்டுக்கும் இல்லை. மிஞ்சுவது பழைய பாகம் கொண்ட கருவி என்ற விவரம் மட்டுமே.

மேடையில் வாசிக்க வேண்டியவருக்கு இதிலிருந்து தெளிவான வழி கிடைக்கிறது. நல்ல கன்வர்ஷனில் அவருக்கு வேண்டிய இணை சிதையாமல் இருக்கிறது. பிறவி ஐந்து தந்திக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் வரலாற்றின் அருமைக்கானது. டீரிங், ஹூபர் போன்ற நிறுவனங்களின் புதிய கருவிகளில் இக்கேள்வியே எழாது. ரிம்மும் டோன் ரிங்கும் முதலிலிருந்தே ஒன்றாக வருகின்றன, விலையும் பெரும்பாலும் சில ஆயிரம் டாலருக்குள் அடங்கிவிடும்.

பழைய கருவியைச் சிதைக்காமல் காக்க வேண்டும் என்ற வரலாற்றாசிரியரின் கோரிக்கையும் வலுவானதே. கழற்றிய டெனர் கழுத்தைப் பெட்டியிலேயே பாதுகாத்தால் என்றாவது திரும்பப் பூட்டலாம். அதை விற்றுத் தொலைப்பது வருந்தத்தக்கது. வளைந்த மேல்விளிம்பு டோன் ரிங்குக்காகச் செய்த ரிம்மைத் தட்டை டோன் ரிங் உட்காரும்படி கடைவது அதைவிடப் பெரிய இழப்பு. கடைந்த மரம் திரும்ப வராது. அத்தகைய கருவியை விற்பவர் கடைந்த விவரத்தை விலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வாங்குபவரும் ரெசொனேட்டரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பார்க்காமல் பணம் தரக்கூடாது.