நான்கில் ஒன்றைத் தொடு!

நீதி என்பது யாது? இந்த வினாவை எழுப்பிவிட்டுச் சாக்ரடீசு ஓய்ந்துவிடவில்லை. ஏதென்சு நகரை அடுத்த துறைமுகத்திலே, செல்வர் ஒருவரின் இல்லத்திலே, கூடியிருந்தோர் தந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உடைத்தும் பார்த்தார். பட்ட கடனைத் திருப்பித் தருவதே நீதி என்றார் ஒருவர். வலுத்தவனுக்கு ஆதாயம் எதுவோ அதுவே நீதி என்று சீறினார் இன்னொருவர். அந்த உரையாடலைப் பிளாட்டோ ஏட்டில் ஏற்றி 2300 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அந்த வழக்கைப் பயில விரும்பி, அரசியல் தத்துவம் கற்க ஆசைப்பட்டு, சிற்றூர் மாணவி ஒருத்தி பல்கலைக் கழகத்தின் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறப்பதற்கு முன் அவளைக் கணிப்பொறியின் எதிரே அமர்த்துகிறோம். வினா ஒன்று, விடை நான்கு. நான்கில் ஒன்றைத் தொடு! தொட்டாயா? சரி, அடுத்தது! 2022ஆம் ஆண்டு இந்தத் தேர்வு தொடங்கியபோது, ஒரு பாடத்தில் 40 வினாக்களுக்கு விடையளிக்கத் தந்த நேரம் 45 நிமிடம். வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 67 நொடி. சாக்ரடீசே வந்து அமர்ந்திருந்தாலும் முதல் வினாவிலேயே மணி அடித்திருக்கும். "இடமில்லை, போய்வாரும்" என்று அனுப்பியிருப்பார்கள் அந்தக் கிழவரை.

மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வைத்தான் சொல்கிறேன். 'கியூட்' என்று சுருக்கி அழைக்கிறார்கள். 2022 மார்ச்சில் பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது. 2017இல் அமைக்கப்பட்ட தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. பள்ளியிறுதியில் பெற்ற மதிப்பெண், தகுதிக் கோட்டைத் தாண்டினாயா என்று பார்ப்பதற்கு மட்டுமே. இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தத் தேர்வின் கையில். திருவாரூரிலே உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகத்துக்கும் இதுவே வாசல். தொழிற்கல்விக்கு 1984 முதல் நடத்திவந்த நுழைவுத் தேர்வை 2007இல் சட்டத்தின் துணையால் நீக்கிய தமிழகம், இந்தப் புதிய தேர்வையும் கைவிடக் கோரி 2022 ஏப்ரல் 11இல் சட்டமன்றத்திலே தீர்மானம் இயற்றியது. கைவிடப்படவில்லை.

மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றி மேடை அதிரப் பேசிவிட்டோம், பேசவும் வேண்டும். ஆனால் வரலாறும் பொருளியலும் சமூகவியலும் இலக்கியமும் பயிலும் வகுப்பறைக்குள் யார் நுழைகிறார்கள் என்பதைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்பட்டோமா? 'பி.ஏ. தானே!' என்று உதட்டைப் பிதுக்குகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த 'பி.ஏ. தானே' வகுப்பிலிருந்துதான் நாளை நாட்டின் வரலாற்றை எழுதுகிறவர் வருகிறார். வறுமைக் கோட்டை எங்கே கிழிப்பது என்று முடிவு கட்டுகிறவர் வருகிறார். நாளேட்டின் தலையங்கத்தைத் தீட்டுகிறவர் வருகிறார். மருத்துவர் நம் உடலைப் பற்றிச் சொல்வார். இவர்களோ, நாம் யார் என்பதையே நமக்குச் சொல்லப் போகிறவர்கள்.

தேர்வை ஆதரிப்போர் மூடர்கள் அல்லர். அவர்கள் வாதத்தில் வலுவுண்டு. அந்த வலுவைக் காணாதவர்போல் நடிப்பது பகுத்தறிவாளருக்கு அழகன்று.

"இதற்கு முன்பு இருந்தது மட்டும் நீதியோ?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 2021ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக் கழகத்தின் இந்துக் கல்லூரியும் ராம்ஜாஸ் கல்லூரியும் அரசியல் அறிவியல் பட்ட வகுப்புக்கு, முதற்பட்டியலிலே, வைத்த எல்லை நூற்றுக்கு நூறு! 99 பெற்றவனுக்கு அரசியல் அறிவு போதவில்லையாம்! தாராளக் கையால் மதிப்பெண் வழங்கும் வாரியத்தின் பிள்ளை உள்ளே. கஞ்சக் கையால் வழங்கும் வாரியத்தின் பிள்ளை வெளியே. அது நீதியன்று, ஒப்புக்கொள்வோம். ஆனால் பால்காரனின் படி ஓட்டை என்று கண்டதும், ஓட்டையை அடைப்பதை விட்டு, துணிக்கடை முழக்கோலை வாங்கிவந்து பாலை அளக்கத் தொடங்குவதா?

அடுத்த வாதம்தான் என்னை உறுத்துவது. "பொறிக்குச் சாதி தெரியாது" என்கிறார்கள். விடைத்தாளைத் திருத்துகிற மனிதனுக்குப் பெயர் தெரியும். பெயரை மறைத்தாலும் நடை தெரியும். நேர்முகத் தேர்விலோ முகமே தெரியும், ஊர் தெரியும், தகப்பன் செய்யும் தொழில் தெரியும். இது வெறும் ஐயம் அன்று. முற்போக்கின் கோட்டை என்று பெயர் பெற்ற தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்திலேயே, ஆய்வுப் பட்டச் சேர்க்கையின் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும், பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு ஒப்பிட்டுப் பார்த்தது. சமூகப் பிரிவுக்குப் பிரிவு அந்த இரண்டுக்கும் இடையிலே விழுகிற இடைவெளி தற்செயலானதல்ல, பாகுபாட்டின் அறிகுறி என்று 2016இல் அறிக்கை தந்தது. நேர்முகத்துக்கு இருந்த 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கச் சொன்னது. முனைவர் பட்டம் பெற்ற கண்ணும் சாதியைப் பார்க்கிறது, தோழர்களே! ஆகவே, "முகம் பார்க்கும் மனிதனைவிட முகம் பார்க்காத பொறி மேல்" என்று ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை சொன்னால், அவனை ஏளனம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

பொறி முகத்தைப் பார்ப்பதில்லை, சரி. அகத்தைப் பார்க்கிறதா? பொறிக்குச் சாதி தெரியாது. ஆனால் சாதி தலைமுறை தலைமுறையாகச் செய்துவைத்த வேலை அத்தனையும் மதிப்பெண்ணாக உருமாறி அந்தப் பொறிக்குள் வந்து விழுகிறது. வீட்டிலே நாளேடு வந்ததா? பயிற்சி நிலையத்துக்குக் கட்டப் பணம் இருந்ததா? பள்ளியிலே வரலாற்றுக்கு ஆசிரியர் இருந்தாரா, அல்லது உடற்பயிற்சி ஆசிரியரே வரலாற்றையும் வாசித்துக் காட்டினாரா? பந்தயத்தின் இறுதிக் கோட்டருகே நின்று நேரம் குறிக்கிற கடிகாரம் நடுநிலையானதுதான். ஒருவன் நூறு கெசம் ஓடி வந்தான், மற்றவன் ஆயிரம் கெசம் ஓடி வந்தான் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. 2022 சனவரியிலே, மருத்துவ மேற்படிப்பு இடஒதுக்கீட்டு வழக்கில், உச்ச நீதிமன்றமும் இதைத்தான் விளக்கிற்று: சிலருக்கு வாய்த்த சமூக, பொருளாதார, பண்பாட்டு வசதிகளைப் போட்டித் தேர்வு காட்டுவதில்லை; ஆதலின் தேர்வு மதிப்பெண் ஒன்றே தகுதியின் அளவுகோல் ஆகாது.

அந்தக் கடிகாரமாவது ஒழுங்காக ஓடுகிறதா என்றால், அதுவும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழிவு. வினாவே புரியாத ஒருவன், கண்ணை மூடிக்கொண்டு, நான்கு வினாக்களுக்கு விரல் போன இடத்தைத் தொடுகிறான். சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. வரவு 5, செலவு 3. மிச்சம் 2! தெரியாதென்று விட்டவளுக்கோ சுழி. பணம் வாங்கிப் பயிற்சி தருபவர் இந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்: தெரிந்தாலும் தொடு, தெரியாவிட்டாலும் தொடு. 'தவறுக்கு மதிப்பெண் கழிக்கப்படும்' என்ற எச்சரிக்கையை மட்டும் படித்து, அதை நம்பி, தெரியாததைத் தெரியாதென்று விடுகிற மாணவி பின்தங்குகிறாள். தன் அறியாமையை அறிந்திருப்பதே அறிவு என்று நினைத்த அந்தக் கிரேக்கக் கிழவருக்கு இங்கேயும் தோல்விதான். துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார். இன்றைய குரு விரலைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை!

"எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், அதுவே சமத்துவம்" என்பது மூன்றாவது வாதம். இந்த வாதத்துக்கு வயது அதிகம். இந்திய சிவில் சர்வீசுக்கு 1855இல் முதல் போட்டித் தேர்வு நடந்தது. யாரும் எழுதலாம். ஆனால் எழுதுவது இலண்டனில். இந்தியாவிலும் தேர்வு நடத்தத் தொடங்கியது 1922இல்தான். மெக்காலே குழு வகுத்த மதிப்பெண் திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. சமற்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375. தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. தேர்வு யாவர்க்கும் பொது. கப்பற்கூலி மட்டும் அவரவர் பொறுப்பு!

பிரான்சிலே 1964இல் பூர்தியூ, பாசரோன் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 'வாரிசுகள்' என்ற நூலை வெளியிட்டனர். பூர்தியூ சிற்றூர்க்காரர்; அஞ்சல் ஊழியரின் மகன்; போட்டித் தேர்வுகளை வென்று பாரிசின் தலைசிறந்த கல்விக் கூடத்துக்குள் நுழைந்தவர். தான் வென்ற பந்தயத்தைப் புகழ்ந்துகொண்டே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அப்படிக் கழிக்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவரோ அந்தப் பந்தயத்தையே ஆராய்ந்தார். படித்த வீட்டுப் பிள்ளை பேச்சு நடையையும் நூலறிவையும் தயக்கமின்மையையும் தகப்பன் சொத்தைப் போலவே பெற்று வருகிறான். கல்விக்கூடம் அந்தச் சொத்துக்குத் 'திறமை' என்று பெயர் சூட்டுகிறது. இதுதான் அவர்கள் கண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இதைக் கண்டது கட்டுரைத் தேர்வின் தாயகத்திலே. 1808இல் நெப்போலியன் நிறுவிய பள்ளியிறுதித் தேர்விலே, இன்றைக்கும், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தத்துவத் தாளுக்கு நான்கு மணி நேரம் அமர்ந்து எழுதுகிறார்கள். அங்கேயும் வாரிசு வென்றான். ஆகவே, "கட்டுரை எழுதச் சொல், நீதி பிறந்துவிடும்" என்று நான் சொல்லவரவில்லை. அழகிய நடையிலே மயங்கி வெறுங்கருத்துக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கட்டுரையிலே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, "இந்த வினாவே தவறு" என்று சொல்ல இடம் உண்டு. நான்கு விடைகளிலே அதற்கு இடம் இல்லை. வினாவை எதிர்த்துக் கேட்பதுதான் வரலாற்றுக்கும் சமூகவியலுக்கும் தத்துவத்துக்கும் உயிர். அந்தத் திறனைச் சோதிக்காமலே ஆள் எடுப்பது, குரலைக் கேட்காமலே பாடகனைத் தேர்ந்தெடுப்பதுபோல.

இந்த ஒரு வினாத்தாளின் பின்னே ஒரு பாடநூல் நிற்கிறது. வினாக்கள் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டியவை. அந்த வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகளைப் பற்றிய இயல் 2023இல் நீக்கப்பட்டது. வேதியியலில் ஒரு பகுதியைக் குறைத்தால் பாடம் குறையும். வரலாற்றில் குறைத்தால் மக்களே குறைந்துபோவார்கள். எது கேட்கப்படுமோ அதுவே படிக்கப்படும். மாநில வாரியத்தில் வேறு வரலாற்றைப் படித்த பிள்ளை, தான் படித்ததை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த நூலை விலைக்கு வாங்க வேண்டும். "தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் தேர்வு எழுதலாமே" என்று ஆறுதல் கூறுகிறார்கள். தொடலாம் என்று சொல்லுங்கள், ஐயா. எழுத எங்கே விட்டீர்கள்?

வேறு வழியே இல்லையா? இருந்தது, நம் நாட்டிலேயே இருந்தது. மேலே குறை கூறினேனே, அதே ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகம், 1969இல் தொடங்கப்பட்ட பின், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு மற்றொன்றையும் கூட்டியது. மாணவன் எந்த மாவட்டத்திலிருந்து வருகிறான்? அங்கே பெண்களின் எழுத்தறிவு எவ்வளவு? உழவுத் தொழிலில் இருப்போர் எத்தனை விழுக்காடு? சிற்றூர் மக்கள் எவ்வளவு? கழிப்பறை இல்லாத வீடுகள் எத்தனை? மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாவட்டங்களைத் தரம் பிரித்து, பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குச் சில புள்ளிகளைச் சேர்த்தார்கள், பெண்களுக்கும் சேர்த்தார்கள். இடஒதுக்கீட்டுக்கு மாற்றாக அல்ல, அதற்கு மேலாக. நேரம் குறிக்கும் கடிகாரத்தின் பக்கத்திலே, ஓடிவந்த தூரத்தை அளக்கும் நாடாவையும் வைத்தார்கள். கழிப்பறைக் கணக்கைப் பார்த்துப் பல்கலைக் கழகத்தில் இடம் தருவதா என்று சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் போதும்.

அந்தப் புள்ளிகள் 1983இல் நிறுத்தப்பட்டன. மாணவர் போராடி 1990களில் மீட்டார்கள். மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் வந்தபின் ஆய்வுப் பட்டங்களுக்கு மறுபடியும் பறிபோயின. 2019இல் அந்தப் பல்கலைக் கழகத்தின் கட்டுரைத் தேர்வும் போய், கணிப்பொறியும் நான்கு விடைகளும் வந்து அமர்ந்தன.

ஆகவே, கேட்க வேண்டியது இன்னதென்று தெரிகிறது. கலைத்துறைச் சேர்க்கையிலே, மாணவர் படித்த வாரியத்தின் மதிப்பெண்ணைச் சமன்செய்து, அதற்கு உரிய இடம் தரட்டும். தேர்வு ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், தாய்மொழியிலே சில பக்கங்கள் எழுத விடட்டும்; பெயரை மறைத்து, இருவர் தனித்தனியே திருத்தட்டும். நேர்முகம் வேண்டாம். கடந்துவந்த தூரத்துக்குப் புள்ளி தரட்டும். இலக்கணப் பிழைக்குக் கழிக்கும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் அடக்கி வைக்கட்டும்; முதல் தலைமுறைப் பிள்ளையின் கருத்து பெரும்பாலும் பிழையான வாக்கியத்திலேதான் ஒளிந்திருக்கும்.

"இலட்சக்கணக்கான தாளை யார் திருத்துவது?" என்பார்கள். 2022இல் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் சுமார் 15 இலட்சம். பெரிய எண்தான். ஆனால் தமிழகத்திலே ஆண்டுதோறும் ஏழெட்டு இலட்சம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். தலைக்கு ஆறு பாடம். ஆக 40 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைத்தாள்கள், மையினால் எழுதப்பட்ட தாள்கள். பெயர் தெரியாதபடி மறைத்து, சித்திரை வெயிலிலே, மின்விசிறி சரியாகச் சுற்றாத பள்ளிக் கூடங்களிலே அமர்ந்து, நம் ஆசிரியர்கள் சில வாரங்களில் திருத்தி முடிக்கிறார்கள். இந்தியாவின் பல்கலைக் கழகங்களும் கல்லூரிகளும் அத்தனை பேராசிரியர்களை வைத்துக்கொண்டு, ஆளுக்குச் சில நூறு தாளைப் படிக்க முடியாது என்று சொன்னால், வகுப்புக்குள் வந்தபின் அந்தப் பிள்ளைகள் எழுதப்போவதையாவது படிக்க எண்ணியிருக்கிறார்களா?