கேட்டுட்டுத்தானே எடுத்தாங்க!

பிகினி என்றதும் நீச்சல் உடை ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. ஆனால், அது முதலில் ஓர் ஊரின் பெயர். பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளில் இருக்கிறது. எரிமலை ஒன்று மெள்ள மெள்ளக் கடலில் அமிழ, அதன் விளிம்பில் பவள உயிர்கள் கட்டிக்கொண்டே வந்த சுவர் மட்டும் வளையமாக மிஞ்சியது. நடுவில் அமைதியான காயல். சுற்றிலும் ஒல்லியான மணல் தீவுகள். தென்னை, மீன், 167 பேர்.

1946 ஜனவரியிலேயே அணுகுண்டுச் சோதனைக்கு இந்த இடம்தான் என்று அமெரிக்கா முடிவு செய்துவிட்டது. பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கமாடோர் பென் வயட் என்ற கடற்படை அதிகாரி வந்து கேட்டார்: மனித குலத்தின் நன்மைக்காக, இனி உலகப் போரே வராமலிருக்க, கொஞ்ச நாளைக்கு ஊரைக் கொடுப்பீர்களா? தலைவர் ஜூடா, எல்லாம் கடவுள் கையில் என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு கேமரா முன்னால் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்கவைத்துப் படமும் பிடித்தார்கள்.

'கேட்டுட்டுத்தானே எடுத்தாங்க' என்று தோன்றும். சரி, ஜூடா முடியாது என்றிருந்தால் கப்பல்கள் திரும்பிப் போயிருக்குமா? போகாது என்றால், அதற்குப் பெயர் உத்தரவு.

குடியேற்றப்பட்ட ரோங்கெரிக்கில் பட்டினி. 1948-ல் கிலி தீவு. அங்கே காயலே கிடையாது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீன்பிடிக்க இறங்க முடியாது. பிகினியில் 1958 வரை 23 குண்டுகள். 1954 மார்ச் 1-ல் வெடித்தது, ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. 1970-களில் சிலர் ஊர் திரும்பினார்கள். உள்ளூர்த் தேங்காயைச் சாப்பிட்டு உடம்பில் கதிரியக்க சீசியம் ஏற, 1978-ல் மறுபடி வெளியேற்றம். 2001-ல் ஒரு தீர்ப்பாயம் 56 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு என்றது. கைக்கு வந்தது சொற்பம்.

பெரிய நன்மைக்கு யாராவது இழக்கத்தான் வேண்டும் என்பார்கள். ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அப்படியானால் 'பிடுங்கினோம்' என்று கணக்கில் எழுதி, முழு விலையையும் தர வேண்டும். 'அவங்களாவே குடுத்தாங்க' என்று எழுதினால், கடன் நன்கொடையாகிவிடுகிறது. வாங்கியவனுக்குத் தூக்கமும் நன்றாக வருகிறது.

ஊருக்காக, குடும்பத்துக்காக ஒருத்தர் மனசார விட்டுக் கொடுத்தார் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: "மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"