யார் கணக்கில் வரவு?

கட்டாத பணத்தைக் கேட்டு ஒருவர் போன் செய்தால் நம் குரல் தானாகக் குழையும். ‘இந்த வாரம் கொஞ்சம் டைட்டு சார், திங்கக்கிழமை பார்த்துடலாம்’ என்று வாய் தந்தியடிக்கும். ஆனால், கட்டிய பணத்தைக் கேட்டு ஒருவர் போன் செய்தால் நமக்குள்ளிருந்து வேறொரு ஆசாமி புறப்பட்டு வருவார் பாருங்கள்... என் ஆசாமியை நான் போன வருடம்தான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

சமாச்சாரம் இதுதான். ஒரே ஃபைனான்ஸ் கம்பெனியில் எனக்கு இரண்டு கடன். மொட்டைமாடி ஒழுகலை அடைக்க வாங்கிய தனிநபர் கடன் ஒன்று. மகள் காலேஜ் போக வாங்கிய ஸ்கூட்டர் கடன் இன்னொன்று. ஒரு மாதம் சம்பளம் நாலு நாள் தள்ளிப் போனதில் ஸ்கூட்டர் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. தவணை, அபராதம் எல்லாம் சேர்த்து 3,740 ரூபாய் கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தது. நியாயம்தான். மறுநாளே நெட் பேங்கிங்கில் அதே 3,740-ஐ அனுப்பினேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘தவணை’ என்று ஒரே ஒரு வார்த்தை போட்டேன். எந்தக் கடனின் தவணை என்று போடவில்லை.

பணம் நேராக மொட்டைமாடிக் கடனில் போய் அட்வான்ஸாக உட்கார்ந்துகொண்டது. ஸ்கூட்டர் கடன் பாக்கியாகவே நின்றது. எனக்கு இது தெரியாது. நாற்பது நாள் கழித்து ஊரிலிருந்து மாமனார் போன் செய்தார். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். வாழ்நாளில் கைமாற்றுகூட வாங்காதவர். சுற்றி வளைத்து நலம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, பணம் கிணம் வேணும்னா கூச்சப்படாம கேளுங்க. நான் என்ன அந்நியமா?”

கடன் வாங்கும்போது ‘தெரிந்தவர்’ என்ற இடத்தில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். கலெக்‌ஷன் ஏஜென்ஸியிலிருந்து அவரைக் கூப்பிட்டு, “உங்க மருமகன் தவணை கட்டலை” என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மாலையே அந்தப் பையன் எனக்கும் போன் செய்தான். நான் பேசியதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. பத்து நிமிடம் இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் நிதானமாகச் சொன்னான்: “சார், லெட்டரா எழுதிக் கொடுங்க சார். நீங்க திட்டுறதை சிஸ்டத்துல ஏத்த எனக்குக் கட்டம் கிடையாது.”

சரி, எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். எழுத்துதானே நமக்குத் தொழில்! நாலு பக்கம். ‘மனசாட்சியற்ற’, ‘கந்துவட்டிக்காரனை மிஞ்சிய’ என்றெல்லாம் அனல் பறந்தது. அந்தப் பையனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தாள். “எல்லாம் சரிங்க, பணம் கட்டின தேதி எங்கே?” என்றாள்.

நாலு பக்கத்திலும் தேதி இல்லை. தொகை இல்லை. கடன் நம்பர் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

நான் பி.காம். படித்தவன். வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர். அதில் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61 பிரிவுகள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்தவை. பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஒருவருக்கே பல கடன் பாக்கி வைத்திருப்பவன் பணம் கட்டும்போது, இது இன்ன கடனுக்கு என்று சொல்லும் உரிமை முதலில் அவனுக்குத்தான். அவன் சொல்லாமல், சூழ்நிலையும் காட்டிக் கொடுக்காமல் இருந்தால், கெடு வந்த கடன்களில் எதற்கு வேண்டுமானாலும் கொடுத்தவர் வரவு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருமே சும்மா இருந்தால், பழைய கடனுக்கு முதல் வரவு.

59-ம் பிரிவில் ஒரு உதாரணமும் உண்டு. பல கடன்களில் 567 ரூபாய்க் கடன் ஒன்றைக் கேட்டு ஒருவர் கடிதம் எழுதுகிறார். கடன்காரர் 567 ரூபாய் அனுப்புகிறார். கேட்ட அந்தக் கடனுக்குத்தான் அதை வரவு வைக்க வேண்டும். அந்த 567-க்கும் என் 3,740-க்கும் தொகை ஒன்றுதான் வித்தியாசம். எஸ்.எம்.எஸ். அனுப்பிக் கேட்ட தொகையை அப்படியே அனுப்பியிருக்கிறேன். சட்டம் என் பக்கம்.

ஆனால், அந்தப் பழைய புத்தகங்களில் இன்னொரு பாடம்தான் என்னை உலுக்கியது. கணக்குப்பதிவியலில் வரும். ராமனுக்கு வைக்க வேண்டிய வரவைத் தவறுதலாக சோமனுக்கு வைத்துவிட்டால் ட்ரையல் பேலன்ஸ் அதைக் காட்டிக் கொடுக்காது. பற்றும் வரவும் அழகாக டேலி ஆகும். அதனால்தான் அந்தக் கம்பெனியில் யாருக்கும் உறுத்தவில்லை. அவர்களுக்கு மொத்தம் சரியாக இருந்தது. ராமனுக்கு மட்டும்தான் தெரியும், தன் பணம் தனக்கு வரவில்லை என்று.

பத்து நிமிடம் திட்டி முடித்ததும் எனக்கும் அப்படித்தான் டேலி ஆகியிருந்தது! மனசு லேசாகி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். கோபத்தை முழுசாகச் செலுத்திவிட்டேன். யார் கணக்கில்? வரவை மாற்றி வைத்தது அந்தப் பையன் இல்லை. அவன் கையில் கணக்குப் புத்தகமே கிடையாது. கம்பெனி கொடுத்த ஒரு பட்டியல் மட்டும்தான். என் மாமனார் நம்பரும் அந்தப் பட்டியலில் வந்ததுதான். கம்பெனியின் மேல் வந்த கோபம், எந்தக் கடன் என்று எழுதாமல் விட்ட என் சோம்பேறித்தனத்தின் மேல் வந்த எரிச்சல், மாமனார் முன்னால் பட்ட வெட்கம்... எல்லாவற்றையும் கூட்டி, போனை எடுத்தவன் தலையில் வரவு வைத்துவிட்டேன்.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். மேனேஜர் மேல் வந்த கோபம் வீட்டில் குழந்தையின் கணக்கில். ரயில்வே மேல் வந்த கோபம் டி.டி.ஆர். கணக்கில். ஆஸ்பத்திரி பில் மேல் வந்த கோபம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கணக்கில். நமக்கு டேலி ஆகிவிடுகிறது. அதனால் தப்பு தெரிவதே இல்லை.

‘அப்போ, செய்றவன் செய்யட்டும்னு சும்மா இருக்கணுமா?’ என்று கேட்பீர்கள். இல்லை. மன்னிப்பது வேறு, சரியான கணக்கில் எழுதுவது வேறு. கடனாளியின் குடும்பத்தாரையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் செய்வதற்குக் கம்பெனிதான் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே, அந்தப் பற்று கம்பெனியின் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம் வந்தது. இரண்டு கடன் நம்பர்கள். எஸ்.எம்.எஸ். வந்த தேதி, பணம் அனுப்பிய தேதி, தொகை, வங்கியின் பரிவர்த்தனை எண். ஸ்டேட்மென்ட் நகல். மாமனாருக்குப் போன் வந்த தேதியும் நேரமும். பிறகு கோரிக்கைகள்: பணத்தை ஸ்கூட்டர் கடனுக்கு மாற்ற வேண்டும்; அதுவும், நான் அனுப்பிய தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் (இல்லாவிட்டால் நாற்பது நாள் தாமதம் என் தலையில் நிற்கும்); அதற்குப் பின் போட்ட அபராதத்தை நீக்க வேண்டும்; கிரெடிட் ரிப்போர்ட்டில் திருத்த வேண்டும்; எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: ‘குறிப்பில் கடன் நம்பரை எழுதாதது என் கவனக்குறைவு.’ வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் பதறினான். “உன் தப்பை நீயே எழுதிக் கொடுப்பியா? அடிச்சிடுடா!” அடிக்கவில்லை. அடுத்தவன் கணக்கை நேராக எழுதச் சொல்லிவிட்டு என் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டால் எப்படி?

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பிரதி, ஏஜென்ஸிக்கு ஒரு பிரதி. ஸ்பீட் போஸ்ட்டிலும் மெயிலிலும் அனுப்பினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். போக வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. வரவை மாற்றிவிட்டார்கள், அபராதத்தை நீக்கிவிட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் எங்கும் இல்லை. என் சொந்த தப்பை எழுதிய வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

அந்தக் கடிதத்தின் நகலை மாமனாருக்கு அனுப்பினேன். அவர் கணக்கு தீர்ந்தது. இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. பையனின் நம்பருக்குப் போட்டேன். “தம்பி, அன்னிக்கு நான் பேசினது தப்பு...” என்று ஆரம்பித்தேன். அவன் சிரித்தான்.

“பரவால்ல சார். அன்னிக்கு வந்ததுல நீங்க ரொம்பக் கம்மி.”

மீதியெல்லாம் யார் யாருக்குச் சேர வேண்டிய பணமோ!