வலிக்கு வழிவிடாதீர்கள்!

“வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்.” இப்படிச் சொல்லும் உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள், உங்களுக்கே கூடக் கொடுக்காதீர்கள்! இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை பேர் முடங்கிப்போனார்கள்! முதலில் மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்தினார்கள். பிறகு சந்தைக்கு, கோயிலுக்கு. கடைசியில் பேத்தி கல்யாணத்துக்கே “நீங்க போயிட்டு வாங்க” என்று வாசலோடு நின்றுவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து தீர்ப்பவர்களையும் நான் வீரர்கள் என்று சொல்லமாட்டேன். நடந்தால் இடுப்பு ஏன் வலிக்கிறது என்று துருவிக் கேட்பவர்தான் வீரர்.

ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். “இங்கதான் எங்கேயோ” என்று உள்ளங்கையால் தடவிக் காட்டினால் போதாது.

விரல் தொடையிடுக்கில் போய் நின்றால் மூட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழலும் இடம் அது. குருத்தெலும்பு தேயத் தொடங்கினால் காலையில் எழுந்ததும் விறைப்பு இருக்கும், சம்மணம் போட முடியாது, நகம் வெட்டக் குனிந்தால் கால் விரல் எட்டாது. சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பார்கள், கோளாறோ ஒரு முழம் மேலே இருக்கும்!

முப்பது, நாற்பது வயதில் அதே இடம் வலித்தால் இன்னும் உஷாராக இருங்கள். தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம். அளவுக்கு மீறிய குடியும், அதிக அளவில் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு மருந்தும் இதற்கு முக்கியக் காரணங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். எலும்புத் தலை நொறுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்றப் போராட வழியுண்டு. அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றதும் வலியோடு வீடு திரும்பாதீர்கள். “அப்புறம் ஏன் டாக்டர் வலிக்குது?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

விரல் வெளிப்பக்க எலும்பு மேட்டில் நிற்கிறதா? அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறதா? படியேறும்போது சுள்ளென்கிறதா? நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் புட்டத்தின் பக்கவாட்டுத் தசைநாண். நடக்கையில் ஒரு கால் காற்றில் இருக்கும் அந்த நொடியில், இடுப்பு சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசைநாணோடு சேர்ந்த தசைதான். அதன் இழுப்பும் சேர்வதால் மூட்டின் மீது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. 60 கிலோ ஆளுக்கு ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறைய 150 கிலோ! இவ்வளவையும் இத்தனை வருடம் சுமந்த உடம்பையா பலவீனம் என்கிறீர்கள்? எடையில் 5 கிலோ குறைத்துப் பாருங்கள், அடிக்கு 12 கிலோ போலப் பாரம் இறங்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். 70 வயதிலும் தசைக்குப் பலம் ஏறும், இது வெறும் ஆறுதல் பேச்சல்ல.

புட்டத்தில் தொடங்கிக் காலுக்குள் மின்சாரம் போல இறங்கும் வலி என்றால், பெரும்பாலும் முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துகிறது.

டென்னிஸ் வீரர் ஆண்டி மரேயைப் பாருங்கள். விம்பிள்டனை இரண்டு முறை வென்றவர். 2019 ஜனவரியில் மெல்போர்னில் பத்திரிகையாளர்கள் முன் கண்கலங்கினார், காலுறை போடுவதற்கே இடுப்பு வலிக்கிறது என்றார். முந்தைய ஆண்டு செய்துகொண்ட அறுவை சிகிச்சை போதவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே லண்டனில் மறுபடி அறுவை மேசையில் படுத்தார், இடுப்பு மூட்டுக்கு உலோகப் பரப்பு பொருத்தினார்கள். ஜூனில் க்வீன்ஸ் போட்டியில் இரட்டையர் கோப்பை, அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் வாவ்ரிங்காவை வீழ்த்தி ஒற்றையர் கோப்பை! எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது, பலருக்கு மருந்தும் பயிற்சியுமே போதும். முதல் வழி அடைபட்டதும் அடுத்த கதவைத் தட்டினாரே, அந்தத் துணிச்சலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கைத்தடி பிடிக்க வெட்கமா? வெட்கத்தைத் தூக்கி எறியுங்கள்! வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் மூட்டின் பாரம் குறையும். வலிக்கும் பக்கமே ஊன்றுபவர்கள் ஏராளம்.

சில நேரங்களில் தைரியம் என்றால் அவசரம். பெரியவர் விழுந்து காலை ஊன்ற முடியவில்லை என்றாலும், குழந்தை காய்ச்சலோடு நொண்டினாலும் எண்ணெய் நீவிக்கொண்டிருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மற்றவர்கள் இந்த வாரமே எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எதைச் செய்தால் கூடுகிறது, என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.