பிராட்டியின் சரிதத்தை மாற்றிச் சொல்லலாமோ?

உத்ஸவ காலங்களில் ஸ்ரீமத் ராமாயண பாராயணம் செய்யும் அடியேனிடம், “பிராட்டியின் சரிதத்தைக் கவிகள் தம் மனம்போல் மாற்றிச் சொல்லலாமோ? அஃது அபசாரம் ஆகாதோ?” என்று வினவுவோர் உண்டு. முன்னாளில் ‘ஆகும்’ என்று உடனே விடை கூறிவந்தேன். இந்நாளில் அவ்வாறு கூற நா எழவில்லை. அதன் காரணத்தை இம்மலரின் வாயிலாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இராவணன் ஒரு கையால் பிராட்டியின் கூந்தலையும், மறு கையால் தொடைகளையும் பற்றித் தூக்கினான் என்று வால்மீகி முனிவர் மறையாமல் உரைத்தார். கம்பருடைய உள்ளம் அதனைப் பொறுக்கவில்லை. அவன் தீண்டாமல், பர்ணசாலையை அது நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று பாடினார். கூர்ம புராணமும் அத்யாத்ம ராமாயணமும் அவன் கவர்ந்தது மாயா சீதையையே என்றன. வால்மீகத்தில் பிராட்டி பூமிக்குள் மறைகிறாள். பவபூதியோ உத்தரராமசரித நாடகத்தில் திவ்ய தம்பதிகளை மீண்டும் சேர்த்துவைத்தே முடிக்கிறார். அதன் மூன்றாம் அங்கத்தில், கண்ணுக்குப் புலனாகாத பிராட்டி, மூர்ச்சித்த பெருமாளைத் தன் கையால் தொட்டுத் தெளிவிக்கிறாள். கைவிடப்பட்டவளின் கருணையை இதனினும் மேலாகக் காட்டுவது எங்ஙனம்?

நம் ஆசாரியர்களோ நிகழ்ச்சியை மாற்றாமல் அதன் பொருளை ஆழப்படுத்தினர். சிறையிருந்ததே அவளுக்கு ஏற்றம் என்றார் பிள்ளை லோகாசாரியர். தன்னை வருத்திய அரக்கியரை அனுமனிடமிருந்து அவள் காத்ததை எண்ணி, அவளது பொறுமையின் முன் பெருமாளின் கோஷ்டியும் எளிதாயிற்று என்று பராசர பட்டர் உருகினார்.

இவர்களுள் எவரும் ‘புதுமையாக ஒன்று சொல்வோம்’ என்று புறப்பட்டவர் அல்லர். மூலத்தில் ஓரிடம் அவர்கள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அம்முள் தைத்த இடத்திலேயே புதிய கதை பிறந்தது. கதைக்குக் கரு எங்கே கிடைக்கும் என்று தேடுவோர்க்கு அடியேன் அறிந்த விடை இதுவே.

இதனைப் பிறர்க்குச் சொல்லும் தகுதி அடியேனுக்கு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் குமாரத்தி ஒரு சிறுகதை எழுதிவந்து காட்டினாள். அதில் லங்கையில் பிராட்டி சிதை அடுக்கச் சொல்ல, இளையபெருமாள் மறுத்து, கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிடுகிறார். அடியேன் முழுவதும் படிக்கவில்லை. “அபசாரம்; கிழித்துவிடு” என்றேன். மறுவார்த்தை பேசாமல் கிழித்தாள். அதன்பின் அவள் எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை.

சென்ற ஸ்ரீராமநவமி பாராயணத்தில் யுத்த காண்டத்தின் அவ்விடம் வந்தது. பிராட்டியின் சொல் கேட்ட இளையபெருமாள் சினங்கொண்டு தமையனார் முகத்தை நோக்குகிறார். அவர் குறிப்பறிந்த பின்னரே சிதையை அடுக்குகிறார். எத்தனையோ முறை வாயால் ஓதிய இடம். அந்தச் சினத்தை அன்றுதான் கண்டேன். தொண்டை அடைத்தது. என் பெண் வால்மீகியை மாற்றவில்லை. முனிவர் அரை நொடி காட்டிய சினத்தைப் பற்றிக்கொண்டு கண்ணீர் விட்டிருக்கிறாள். ஓதியவன் நான், கேட்டவள் அவள்.

எனினும் எல்லாக் கதைகளும் ஒன்றல்ல. தாயின் துயரத்தைத் தன் துயரமாகக் கொண்டு சொல்வது ஒன்று. அத்துயரத்தைக் கடைச்சரக்காக்கிப் பிறர் வியக்க விற்பது மற்றொன்று. முன்னது கைங்கர்யம், பின்னதே அபசாரம். இவ்விரண்டையும் பிரித்தறிய முழுவதும் படிக்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமை அடியேனுக்கு அன்று இல்லை.

பாராயணம் முடிந்த அன்றிரவு அவளிடம் அக்கதையை மீண்டும் எழுதித் தரும்படி கேட்டேன். “நினைவில் இல்லை அப்பா” என்றாள். சற்றுப் பொறுத்து, “அந்த ஸர்க்கத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்” என்றாள். வாசித்தேன்.

அரக்கியரின் குற்றத்தையும் பொறுத்த தாயார், தன்னைக் குறித்து அழுத ஒரு பெண்ணின் ஏட்டைக் கிழிக்கச் சொன்ன குற்றத்தையும் பொறுத்தருள்வாளாக.

அடியேன் தாஸன்.