சுவரைக் காப்பவர்கள்

2010 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் தொலைக்காட்சிகளில் ஒரு தேர்தல் விளம்பரம் ஓடியது. அம்மாநில ஆளுநர் ஜோ மான்சின் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறி பார்க்கிறார். எதிரே குத்தி வைத்திருப்பது ஒரு மசோதாவின் நகல். கரியமில வாயு வெளியேற்றத்துக்கு வரம்பு கட்டும் அந்த மசோதாவை முந்தைய ஆண்டு பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றியது அவருடைய சொந்த ஜனநாயகக் கட்சிதான். குண்டு காகிதத்தைத் துளைக்கிறது. தேர்தலில் மான்சின் வென்று செனட்டரானார். 12 ஆண்டுகள் கழித்து, பருவநிலைக்காகவும் எரிசக்திக்காகவும் ஏறத்தாழ 37,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டம் ஒன்று வந்தது. அமெரிக்கா அதற்கு முன் அவ்வளவு பெரிய பருவநிலைச் சட்டத்தைக் கண்டதில்லை. அதன் பேரத்தை உட்கார்ந்து முடித்த இருவரில் ஒருவர், அதே மான்சின்.

நகரத்து ஜனநாயகக் கட்சிக்காரரிடம் அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது துப்பாக்கிதான், சட்டம் அல்ல. மேற்கு வர்ஜீனியாவின் மலையூர்களிலோ நேர்மாறு. சட்டத்தைத்தான் மன்னிக்க மாட்டார்கள். இடதுபக்கம் சாய்ந்த ஒரு கட்சியில், வலதுபக்கம் சாய்ந்த நாட்டுப்புறத்திலிருந்து வரும் மிதவாதிக்கு இது தலைவிதி. அவர் கட்சியை மீறி வாக்களிக்கும்போது அது துரோகமா, தொகுதிக்குச் செய்யும் கடமையா, தன் நாற்காலியைக் காக்கும் தந்திரமா என்பதுதான் கேள்வி.

இந்திய வாசகருக்கு இந்தக் கேள்வியே சற்று வினோதமாகப் படலாம். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, இங்கே கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகக்கூடும். அமெரிக்கக் கொறடா கெஞ்சலாம், மிரட்டலாம், குழுத் தலைமையைத் தராமல் இழுத்தடிக்கலாம்; பதவியைப் பறிக்க அவரால் ஆகாது. ஆகவே அங்கே ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் மனசாட்சிக்கு வேலை வந்துவிடுகிறது.

மிதவாதியின் முதல் வாதம் நம் பழமொழிதான்: சுவர் இருந்தால்தான் சித்திரம். கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. 2020 அதிபர் தேர்தலில் மேற்கு வர்ஜீனியாவில் டிரம்ப் பெற்றது ஏறத்தாழ 69 விழுக்காடு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அதே மாநிலத்தில் மான்சின் 20,000க்கும் குறைவான வாக்குகளில் தப்பிப் பிழைத்திருந்தார். 2021இல் செனட் 50க்கு 50 என்று நின்றது; சமநிலையை உடைப்பது துணை அதிபரின் வாக்கு. அவர் இல்லையென்றால் ஜனநாயகக் கட்சிக்குச் செனட்டே இல்லை, நீதிபதி நியமனங்களும் இல்லை. நகரத்து முற்போக்காளர்கள் அவர் இடத்தில் இன்னும் நல்ல ஜனநாயகவாதி ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு கோபப்பட்டார்கள். அப்படியொருவர் அந்த மாநிலத்தில் வெல்ல வழியே இருக்கவில்லை. இல்லாத ஆளோடு ஒப்பிட்டு இருக்கும் ஆளைத் திட்டுவதில் நியாயம் குறைவு.

ஆனால் சுவர் வாதத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. அடுத்த தேர்தல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். சுவரைக் காக்க இன்று ஒரு சித்திரத்தை விட்டுக்கொடுக்கலாம். நாளையும் விட்டுக்கொடுத்தால், வெறும் சுவர்தான் மிஞ்சும்.

வடக்கு டகோட்டாவின் ஹைடி ஹைட்காம்ப்பின் இரண்டு வாக்குகள் இந்த ஓட்டையைக் காட்டுகின்றன. 2012இல் அவர் செனட்டுக்கு வென்றது 3,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். சில மாதங்களிலேயே துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விரிவாகச் சரிபார்க்கும் மசோதா வந்தது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 சிறுகுழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மசோதாவுக்கு 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை 54. எதிர்த்து வாக்களித்த ஒருசில ஜனநாயகக் கட்சியினரில் ஹைட்காம்ப் ஒருவர். தம் மாநிலத்தவரின் குரலைக் கேட்டேன் என்றார். (மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே துப்பாக்கி விளம்பரத்து மான்சின். இந்த மனிதர்களை ஒரு பெட்டிக்குள் அடைப்பது எளிதில்லை.) மறுதேர்தலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இருந்தபோது பணிந்தவர், 2018 அக்டோபரில், மறுதேர்தலுக்கு ஒரே மாதம் இருந்தபோது, பிரெட் கவானாவின் உச்ச நீதிமன்ற நியமனத்தை எதிர்த்து வாக்களித்தார். தொகுதி அந்த நியமனத்தை விரும்பியது அவருக்குத் தெரியும். அந்தத் தேர்தலில் 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். மான்சின் கவானாவை ஆதரித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர், அவர் வென்றார்.

இதில் யார் சரி என்று கேட்பதைவிட, ஒவ்வொரு வாக்கின் விலையையும் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் வெளிச்சம் கொஞ்சம் கூடும். 2018இல் ஹைட்காம்ப் தம் பதவியையே விலையாகக் கொடுத்தார். 2013இல் அவர் கொடுத்தது தம் கையிலிருந்து அல்ல.

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், காடும் பனியும் நிறைந்த மேல் தீபகற்பத் தொகுதியிலிருந்து வந்த பார்ட் ஸ்டூபக்கின் கதை இன்னும் சிக்கல். முன்னாள் மாநிலக் காவலர்; கருக்கலைப்பை எதிர்ப்பவர். 2009 நவம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவில், அரசு மானியம் பெறும் காப்பீடுகள் கருக்கலைப்புச் செலவை ஏற்கக்கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தம் 240க்கு 194 என்று நிறைவேறியது. சொந்தக் கட்சியின் பெண்ணுரிமை அணி கொதித்தது. கொதிக்கக் காரணமும் இருந்தது. அந்தத் திருத்தத்தின் விலையைக் கொடுக்கவேண்டியிருந்தவர்கள் கையில் காசில்லாத பெண்கள். ஆனால் மசோதாவின் செனட் வடிவத்தில் அவருடைய திருத்தம் இல்லை. 2010 மார்ச் 21 அன்று, கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகாது என்று உறுதி தரும் அதிபரின் நிர்வாக ஆணை ஒன்றைப் பெற்றுக்கொண்டு மசோதாவை ஆதரித்தார். 219க்கு 212 என்று அது நிறைவேறியது. அன்றிரவு அவர் பேசிக்கொண்டிருந்தபோது குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் ‘குழந்தைக் கொலைகாரர்’ என்று பொருள்படக் கத்தினார். மசோதாவைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அடுத்த மாதமே ஸ்டூபக் ஓய்வை அறிவித்தார். தொகுதி குடியரசுக் கட்சிக்குப் போனது.

அதே வாக்கைப் போட்ட டாம் பெரியெல்லோவுக்கு அத்தனை நாடகம் இல்லை. தெற்கு வர்ஜீனியாவின் நாட்டுப்புறத் தொகுதியில் 2008இல் 727 வாக்குகளில் வென்றவர், மருத்துவக் காப்பீடு, கரியமில வரம்பு இரண்டையும் ஆதரித்தார், 2010இல் தோற்றார். அந்தத் தேர்தலில் கட்சியின் மிதவாதக் குழுவான ‘ப்ளூ டாக்’ ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. மஞ்சள் நாயை நிறுத்தினாலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டு என்பது தென்மாநிலங்களின் பழைய பெருமை. அந்த நாயின் கழுத்தைக் கட்சி நெரித்ததில் அது நீலம் பாய்ந்துவிட்டது என்பது 1995இல் தொடங்கிய இந்தக் குழு தன் பெயருக்குச் சொல்லும் கிண்டல் விளக்கம். 2010இல் கழுத்தை நெரித்தது கட்சி இல்லை, வாக்காளர்.

மீண்டும் மான்சினிடம் வந்தாக வேண்டும், ஏனென்றால் அறக் கணக்கு மிகக் கடினமாவது அவரிடம்தான். 2021 மார்ச்சில் அவர் வாக்கோடு நிறைவேறிய கொரோனா கால மீட்புச் சட்டம், குழந்தைகளுக்கான வரிச் சலுகையை ஆண்டுக்கு 3,000 டாலராகவும், 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3,600 டாலராகவும் உயர்த்தியது. அதில் பாதி ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் கிடைத்தது. அந்த ஆண்டு குழந்தை வறுமை, அரசின் துணை அளவுகோலின்படி, 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. டிசம்பர் 19 ஞாயிறன்று தொலைக்காட்சியில் தோன்றிய மான்சின், இந்தத் தொகையை நீட்டிக்கும் பெரிய மசோதாவுக்கு வாக்களிக்க முடியாது என்றார். விலைவாசியும் அரசுக் கடனும் அவர் சொன்ன காரணங்கள். மாதத் தொகை நின்றது. 2022இல் குழந்தை வறுமை 12.4 விழுக்காடு. இறக்கத்திலும் ஏற்றத்திலும் அதே ஒருவரின் வாக்கு இருந்தது.

இங்கே ‘என் தொகுதி’ என்ற சொல் பொருத்தமாக உட்காரவில்லை. நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களில் மேற்கு வர்ஜீனியா ஒன்று. தொகை நின்றதில் நொந்தவர்களில் அதன் குழந்தைகளும் உண்டு; அவர்களுக்கு ஓட்டு கிடையாது. மறுநாளே இன்னொரு குரல் எழுந்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கம், முடிவை மறுபரிசீலனை செய்யும்படி மான்சினை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அந்தச் சங்கம் அப்படிப் பேசியதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். மான்சின் பிறந்த ஊர் அது. இறந்தவர்களில் அவருடைய மாமாவும் ஒருவர். அந்தச் சாவுகள்தான் 1969இன் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழி திறந்தன. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கறுத்துப்போனவர்களுக்கு இழப்பீடு என்பதும் அதோடு வந்தது. பின்னாளில் அந்த இழப்பீட்டு நிதிக்காக நிலக்கரி மீது போடப்பட்ட வரி, 2021 முடிந்ததும் பாதிக்கும் கீழே விழ இருந்தது. அதைத் தடுக்கும் பிரிவும் மான்சின் நிறுத்திய மசோதாவில் இருந்தது.

ஆக, தொகுதி ஒரே வாயால் பேசுவதில்லை. சுரங்க முதலாளியும் தொகுதி, இருமிக்கொண்டு படியேறும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியும் தொகுதி. 1940களில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த நிலக்கரி வேலைகள் 2021 வாக்கில் 15,000க்கும் கீழே வந்துவிட்டன. ஆனாலும் ‘மேற்கு வர்ஜீனியா என்றால் நிலக்கரி’ என்ற படம் மட்டும் அரசியலில் கலையவே இல்லை. மான்சின் தொடங்கி, பின்னர் குடும்பத்தார் நடத்திய நிலக்கரி நிறுவனத்திலிருந்து அவருக்கு ஆண்டுதோறும் வருமானம் வந்ததை அவருடைய சொத்து அறிக்கைகளே காட்டின. தன் தலையீடு இல்லாத தனி அறக்கட்டளையிடம் பங்குகளை ஒப்படைத்திருப்பதாக அவர் பதில் சொன்னார். சட்டத்துக்கு அது போதும். தொகுதியின் பெயரால் நிலக்கரிக்காகப் பேசுகிறவருக்கு, நிலக்கரியில் சொந்த வரும்படி இருப்பது அறத்தின் கண்ணுக்கு உறுத்தாமல் போகாது.

கட்சியின் பக்கத்துக் குற்றமும் சின்னதில்லை. நாட்டுப்புறத் தொகுதி வேண்டும், நாட்டுப்புற மனிதர் வேண்டாம் என்ற மனநிலை நகரத்து அணியில் ஊறிக் கிடக்கிறது. மிதவாதியை அவர்கள் ஒரு வாக்காக மட்டும் எண்ணுகிறார்கள். ஓர் அறிவாக எண்ணுவதில்லை. மினசோட்டாவின் வேளாண் தொகுதியை 30 ஆண்டுகள் வைத்திருந்த காலின் பீட்டர்சன், 2009 கரியமில மசோதாவில் விவசாயிகள் தொடர்பான பொறுப்பை வேளாண் துறையிடம் கொடுக்க வைத்த பிறகே ஆதரித்தார். சுற்றுச்சூழல் அமைப்புகள் முகம் சுளித்தன. ஆனால் வயலில் மாற்றம் வரவேண்டுமானால் உழவர் நம்பும் அலுவலகம் எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் மேரி க்ளூசன்காம்ப் பெரஸ், கணவரோடு கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். வாங்கிய பொருளைத் தாமே பழுதுபார்க்கும் உரிமைக்காக அவர் பேசும்போது, பட்டறையில் நின்ற அனுபவம் பேசுகிறது. 2023இல் மாணவர் கடன் தள்ளுபடியை ரத்துசெய்யும் தீர்மானத்தை ஆதரித்த இரண்டே ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் அவர் ஒருவர். கல்லூரிப் பக்கமே போகாத தச்சரும் வெல்டரும் ஏன் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்ற கேள்வி அந்த வாக்கில் இருந்தது. பதில் இருக்கிறதோ இல்லையோ, கேள்வியைக் கேட்டதற்காகவே அவரைத் துரோகி என்றால் அந்தக் கட்சி யாரிடமிருந்து எதைக் கற்கும்?

2022 ஆகஸ்டில் பருவநிலைச் சட்டம் செனட்டில் 50க்கு 50 என்று நின்றது. துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கில் நிறைவேறியது. சுரங்கத் தொழிலாளர் கேட்ட நிலக்கரி வரியை அச்சட்டம் பழைய அளவுக்கு உயர்த்தி நிரந்தரமாக்கியது. குழந்தைகளின் மாதத் தொகை அதில் இல்லை.

மான்சின் 2024 மே மாதம் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையானார், மீண்டும் போட்டியிடவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் ஜிம் ஜஸ்டிஸ். ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஆளுநராக வென்று, அடுத்த ஆண்டே குடியரசுக் கட்சிக்குத் தாவியவர். 2025 ஜூலை 1 அன்று, சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் அந்தப் பருவநிலைச் சட்டம் தந்த சலுகைகளை வெட்டும் மசோதா செனட்டுக்கு வந்தது. இந்த முறையும் 50க்கு 50. துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வாக்களித்து அதை நிறைவேற்றினார். ஆதரித்த 50 பேரில் மேற்கு வர்ஜீனியாவின் ஜஸ்டிஸும் இருந்தார்.